பிலாத்துவின் காசில் பிலாத்துவின் பெயர் ஏன் இல்லை?

இயேசுவின் விசாரணையில் வரும் யூதேயாவின் ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து வெளியிட்டது என்று சொல்லி ஒரு செப்புக்காசின் படத்தைப் போட்டிருந்தார்கள், அதில் அவர் பெயரும் இல்லை, முகமும் இல்லை, பிறகு எப்படி அது அவர் காசாகும், ரோமானிய மாகாண ஆளுநர்கள் தம் விருப்பப்படி காசு அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒரு மாகாணத்தில் அடித்த காசுக்குப் பின்னால் நின்ற அதிகாரம் யாருடையது, அதில் ஆளுநரின் கை எவ்வளவு? கல்லூரியில் பண்டைய வரலாறு நடத்தியவன் நான். நாணயங்களை அருங்காட்சியகத் தட்டுகளிலும் பட்டியல்களிலும் வைத்துப் பார்த்துப் பழகியவன். அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் படத்தில் உள்ள காசு. அளவில் 15 மில்லிமீட்டர் குறுக்களவு, எடையில் ஏறக்குறைய 2 கிராம். எருசலேமைச் சுற்றிய யூதர்களின் நாடான யூதேயாவில் இதைப் ‘புருட்டா’ என்றார்கள். சில்லறையிலும் சில்லறை. ஒரு பக்கம் வளைந்த தலையுள்ள ஒரு கோலும் சுற்றிலும் கிரேக்கத்தில் ‘டைபீரியஸ் சீசருடையது’ என்ற எழுத்தும் இருக்கும். மறுபக்கம் ஒரு மாலை, அதன் நடுவே ‘ஆண்டு’ என்பதைக் காட்டும் ஒரு குறி, அதையடுத்து இரண்டு கிரேக்க எழுத்து. அந்த இரண்டு எழுத்தும் எண். அயோட்டா பத்து, எட்டா எட்டு; சேர்த்தால் 18. ரோமானியப் பேரரசர் டைபீரியஸ் அரியணை ஏறியது கி.பி. 14. அவருடைய 18-ஆம் ஆட்சியாண்டு என்றால் கி.பி. 31-32. அந்த ஆண்டில் யூதேயாவை நிர்வகித்தவர் யார்? கி.பி. 26 வாக்கிலிருந்து 36 வரை அங்கே இருந்தவர் பிலாத்து. இவ்வளவுதான் ஆதாரம். காசு தன் வாயால் பிலாத்து என்று சொல்லவில்லை. தேதி சொல்கிறது, காசு கிடைக்கும் இடம் சொல்கிறது. இந்த ரகம் யூதேயா மண்ணில்தான் கொத்துக் கொத்தாகக் கிடைக்கிறது. ஆகவே இது அவர் காலத்துக் காசு என்பதில் சந்தேகம் வேண்டாம். 16, 17, 18 என்று மூன்று ஆட்சியாண்டுக் காசுகள் மட்டுமே அவர் காலத்தவை.

பிலாத்து மட்டும் அடக்கமாக இருந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். கி.பி. 6-இல் யூதேயா நேரடி ரோமானிய நிர்வாகத்துக்கு வந்தபோது முதலில் வந்தவர் கோப்போனியஸ். அவரிலிருந்து நீரோ காலத்து பெஸ்து வரை ஒருவர்கூடத் தம் பெயரைக் காசில் போடவில்லை. போட்டது பேரரசரின் பெயர், அல்லது அவர் வீட்டார் பெயர். பிலாத்துவின் 16-ஆம் ஆண்டுக் காசில் ஒரு பக்கம் டைபீரியஸ், மறுபக்கம் அவருடைய தாய் ஜூலியா, அதாவது லிவியா. அந்த அம்மாள் கி.பி. 29-இல் இறந்துபோனார், அடுத்த ஆண்டுக் காசிலிருந்து அவர் பெயர் காணாமல் போகிறது. பின்னாளில் அங்கே ஆளுநராக இருந்த பேலிக்ஸ் கி.பி. 54-இல் வெளியிட்ட காசுகள் இன்னும் சுவாரசியம். ஒரு ரகத்தில் பேரரசர் கிளாடியஸும் அவர் மனைவி அக்ரிப்பினாவும். இன்னொரு ரகத்தில் அடுத்து அரியணைக்கு வரக்கூடியவர்களான நீரோவும் பிரிட்டானிக்கஸும். அடுத்து யார் வந்தாலும் சரி, நம் காசில் பெயர் இருக்கிறது என்ற பாதுகாப்பு! அடுத்த ஆண்டிலேயே பிரிட்டானிக்கஸ் செத்துப்போனார்.

பிலாத்துவுக்குத் தம் பெயரைப் பொறிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. 1961-இல் செசரியா நகரத்தின் அரங்க இடிபாடுகளில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. டைபீரியஸ் பெயரால் எழுப்பிய ஒரு கட்டடத்துக்கான கல் அது. அதில் பிலாத்துவின் பெயரும் ‘யூதேயாவின் பிரிஃபெக்ட்’ (பேரரசர் அமர்த்திய ஆளுநர்) என்ற பதவியும் உடைந்த எழுத்துகளில் தெளிவாகவே தெரிகின்றன. கல்லில் பெயரைப் போட்டுக்கொண்டவர் காசில் போடவில்லை. அந்த இரண்டுக்கும் இடையே இருந்த எல்லை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்த எல்லை எப்படி வந்தது என்று பார்க்க, பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலத்துக்குப் போக வேண்டும். அப்போது நிலைமையே வேறு. கி.மு. 51-இல் சிசரோ இன்றைய துருக்கியின் தெற்கிலிருந்த கிலிக்கியா மாகாணத்துக்கு ஆளுநராகப் போனார். பேச்சுக்குப் பேர்போன அதே சிசரோதான். போன இடத்தில் மலைவாசிகளோடு ஒரு சின்னச் சண்டை போட்டார், வீரர்கள் அவரை ‘இம்ப்பராட்டர்’, அதாவது வெற்றித் தளபதி, என்று வாழ்த்தினார்கள், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பொறுப்பில் இருந்த லாவோதிக்கேயா, அப்பாமேயா நகரங்களில் அடித்த வெள்ளிக்காசுகளில் ‘மார்க்கஸ் துல்லியஸ் இம்ப்பராட்டர்’ என்று இருக்கிறது. அந்தக் காசுக்கு சிஸ்டோஃபோரஸ் என்று பெயர். பாம்பு வெளிவரும் கூடைதான் அதன் அடையாளம், ரோமின் வழக்கமான வெள்ளிக்காசான டெனாரியஸ் மூன்றின் மதிப்பு. பெர்கமம் அரசர்கள் தொடங்கியதை ரோமானியர் அப்படியே தொடர்ந்தார்கள். கூடையையும் பாம்பையும் தொடவில்லை, ஆளுநர் பெயரை மட்டும் சேர்த்தார்கள். பதவிக்காலம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து சிசரோ நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதத்தில், ஆசியா மாகாணத்தில் (இன்றைய மேற்குத் துருக்கி) தமக்கு 22 லட்சம் செஸ்டர்ஸ் (நான்கு சேர்ந்தால் ஒரு டெனாரியஸ்) மதிப்புக்கு இந்த சிஸ்டோஃபோரஸ் காசுகள் இருப்பதாகச் சொல்கிறார். ஊழல் செய்யாத ஆளுநர் என்று பெயரெடுத்தவரின் சேமிப்பு இது. மற்றவர்கள் எவ்வளவு சேர்த்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிரியாவில் இன்னும் தந்திரமாகச் செய்தார்கள். கபினியஸ் கி.மு. 57-இல் அங்கே ஆளுநரானபோது புதுக் காசு எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரோமானியருக்கு முன் சிரியாவை ஆண்ட செலூக்கிய வம்சத்தின், எப்போதோ செத்துப்போன அரசர் பிலிப்பின் முகத்தோடேயே டெட்ராட்ராக்மா என்ற பெரிய வெள்ளிக்காசுகளை அடித்து, ஒரு மூலையில் தம் பெயரின் எழுத்துகளைப் பின்னி ஒரு சிறு குறியாகப் போட்டுக்கொண்டார். அடுத்து வந்த கிராஸஸ், காசியஸ் ஆகியோரும் அதே வழியில் போனார்கள். மக்களுக்கு எந்த முகம் பழக்கமோ அந்த முகத்துக் காசைத்தான் கடைக்காரன் முனகாமல் வாங்குவான். ரோமானிய நிர்வாகிகள் இந்த விஷயத்தில் மிகவும் நடைமுறைவாதிகள்.

முதல் பேரரசர் அகஸ்டஸ் வந்த பிறகு இந்தச் சுதந்திரம் படிப்படியாகக் குறைந்தது. பேரரசு முழுவதும் ஓடும் தங்கமும் வெள்ளியும் அவர் கைக்குப் போயின; கி.மு. 15 வாக்கிலிருந்து லுக்துனும், இன்றைய பிரான்சின் லியோன், காசு அடிக்கும் பெரிய அக்கசாலையாக இயங்கியது. கிழக்கே அந்தியோகியாவிலும் அலெக்சாந்திரியாவிலும் உள்ளூர் வெள்ளி அடிக்கப்பட்டது, ஆனால் அதில் இருந்தது பேரரசரின் முகம். எகிப்தின் பிரிஃபெக்ட் எவ்வளவு பெரிய ஆள்! ரோமின் சோற்றுப்பானையே அவர் கையில் இருந்தது என்று சொல்லலாம். அவர் பெயர்கூட அலெக்சாந்திரியாக் காசில் கிடையாது. செப்பு, வெண்கலச் சில்லறையை மட்டும் உள்ளூர் நகரங்களுக்கு விட்டுவைத்தார்கள். பேரரசுக் காலத்தில் அப்படிக் காசு அடித்த நகரங்கள் ஐந்நூறுக்கும் மேல். யூதேயா போன்ற சில இடங்களில் நகரத்துக்குப் பதில் ஆளுநரின் நிர்வாகமே சில்லறையை அடித்தது. பிலாத்து வருவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் நகரக் காசுகள் பலவற்றில் ஆளுநர் பெயர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், நிறைய இருக்கிறது. பலரும் குழம்புவதும் இங்கேதான். சின்ன ஆசியாவின் நகரங்களில் ‘இன்ன புரோகான்சல் (செனட்டின் பொறுப்பிலுள்ள மாகாணத்தின் ஆளுநர்) இருக்கும்போது’ என்று எழுதுவார்கள். நம் ஊரில் சமுதாயக்கூடத்துத் திறப்புக் கல்லில் மாவட்ட ஆட்சியர் பெயர் இருப்பது போலத்தான் அது. அவர் செங்கல் சுமந்தார் என்றோ பணம் கொடுத்தார் என்றோ பொருளில்லை. காலத்துக்கு ஓர் அடையாளம், கூடவே கொஞ்சம் மரியாதை. அந்தக் காசை அடிக்கத் தீர்மானித்ததும் செலவழித்ததும் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்களே.

வட ஆப்பிரிக்க நகரங்கள் சிலவற்றின் காசுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ‘புரோகான்சல் அப்ரோனியஸின் அனுமதியால்’, ‘டொலபெல்லாவின் அனுமதியால்’ என்று டைபீரியஸ் காலத்தில் வெளிப்படையாகவே பொறித்திருக்கிறார்கள். ஸ்பெயினில் எமெரிட்டா, கொர்துபா போன்ற ஊர்களில் ‘அகஸ்டஸின் அனுமதியால்’ என்று நேராகப் பேரரசரையே சுட்டினார்கள். எனவே சில இடங்களில் ஆளுநரிடமோ அவருக்கு மேலேயோ அனுமதி வாங்கினார்கள் என்பது உறுதி. எல்லா நகரமும் ஒவ்வொரு முறையும் இப்படி வாங்க வேண்டுமா என்பது அறிஞர்கள் இன்னும் சண்டை போடும் விஷயம். என் சாய்வு, ஒரே சட்டம் என்று எதுவும் இருந்ததில்லை என்ற பக்கம். மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் டியோ, அகஸ்டஸுக்கு அவருடைய நண்பரும் ஆலோசகருமான மெசினாஸ் புத்தி சொல்வதாக ஓர் உரையை அமைக்கிறார். நகரங்களுக்குத் தனிக் காசு, தனி எடை, தனி அளவை எதுவும் இருக்கக் கூடாது என்று அதில் வருகிறது. ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த ஆலோசனைக்கு என்ன தேவை?

இந்தக் குழப்பத்தை ஒரே ஆளை வைத்துக் காட்ட முடியும். குவின்க்டிலியஸ் வாரஸ் என்று ஒருவர். கி.மு. 8-7 வாக்கில் ஆப்பிரிக்காவில் புரோகான்சல். அங்கே அக்குல்லா என்ற ஊர் வெளியிட்ட காசில் ஒரு பக்கம் அகஸ்டஸும் அவருடைய வளர்ப்பு மகன்கள் இருவரும். மறுபக்கம் வாரஸின் பெயர், வாரஸின் முகம். உயிரோடிருக்கும் ஓர் ஆளுநரின் முகம்! அந்தக் காலகட்டத்தில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இப்படி ஒரு சிலர் முகம் பெற்றார்கள். ஃபேபியஸ் மாக்சிமஸ், அசினியஸ் கல்லஸ் அப்படிப்பட்டவர்கள். பெரும்பாலும் அகஸ்டஸின் குடும்பத்தோடு உறவோ நெருக்கமோ உள்ளவர்கள். அகஸ்டஸே கொடுத்த கௌரவம் என்கிறார்கள் சிலர், ஊர்க்காரர்களின் காக்காய் பிடிப்பு என்கிறார்கள் சிலர். இரண்டும் கலந்ததாகவே இருக்கும் என்று எனக்குப் படுகிறது. எப்படியோ, அகஸ்டஸுக்குப் பிறகு இந்தப் பழக்கம் வளரவில்லை.

அடுத்து வாரஸ் சிரியாவுக்குப் போனார். அந்தியோகியாக் காசுகளில் ‘வாரஸ் காலத்தில், அந்தியோகியர்களுடையது’ என்று பெயர் மட்டும் வருகிறது, முகம் இல்லை. கடைசியாக ஜெர்மனி. அங்கே காசு அடிக்கும் நகரங்களே கிடையாது. ரோமிலும் லுக்துனுமிலும் அடித்த செப்புக்காசுகள்தான் படையோடு போயின. அவற்றின் மேல் வாரஸின் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் பின்னி ஒரு சிறு முத்திரையாகக் குத்தினார்கள். தளபதி தம் கையால் வீரர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. கி.பி. 9-இல் மூன்று லீஜியன்களோடு (ரோமானியப் பெரும் படைப்பிரிவுகள்) அவர் ஜெர்மானியக் காட்டில் அழிந்துபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1987-இல் கால்கிரீஸ என்ற இடத்தில் தொடங்கிய கண்டுபிடிப்புகளில் இந்த முத்திரையுள்ள காசுகளும் வந்தன. அதுதான் போர்க்களம் என்ற வாதத்துக்குக் கிடைத்த வலுவான சான்றுகளில் அவையும் சேர்ந்தன. ஒரே மனிதர்: ஓரிடத்தில் முகம், ஓரிடத்தில் பெயர், ஓரிடத்தில் ஒரு குத்து முத்திரை. மூன்றிலும் அவருக்கு இருந்த ‘உரிமை’ என்ன என்று கேட்டால் மூன்று விதமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கி.பி. 68-இல் நீரோவின் ஆட்சி ஆட்டம் கண்டபோது, ஆப்பிரிக்காவில் மூன்றாம் அகஸ்டா லீஜியனின் தலைவர் குளோடியஸ் மேசர் தம் பெயரில் வெள்ளி டெனாரியஸ் அடித்தார். சிலவற்றில் தம் முகத்தையும் வைத்தார். ஆனால் சீசர் என்றோ இம்ப்பராட்டர் என்றோ போடவில்லை. ‘ஆப்பிரிக்காவின் புரோபிரிட்டர்’ என்று பழைய குடியரசு கால ஆளுநர் பதவியை மட்டும் போட்டு, செனட்டின் தீர்மானப்படி என்பதற்கான இரண்டு எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டார். நான் கலகக்காரன் இல்லை, பழைய குடியரசு முறையில்தான் நடக்கிறேன் என்று காட்டும் முயற்சி. நீரோவுக்குப் பின் பேரரசரான கால்பா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஆளை அனுப்பிக் கொன்றுவிட்டார். சிசரோ செய்தபோது யாரும் கண்டுகொள்ளாத ஒன்று, 120 ஆண்டு கழித்துத் தலைக்கு ஆபத்தானது.

இப்போது பிலாத்துவைப் பற்றி அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி, உங்கள் படத்துக்குக் கீழேயும் அது இருந்திருக்கும்: யூதர்களைச் சீண்டவே அவர் அந்தச் சின்னங்களைப் போட்டாரா? அவருக்கு முன் வந்தவர்கள் பேரீச்சை மரம், கதிர், மாலை, திராட்சை இலை என்று யாரையும் உறுத்தாத சின்னங்களையே போட்டார்கள். பிலாத்துதான் முதன்முதலாக ரோமானிய வழிபாட்டுக் கருவிகளை வைத்தார். 16-ஆம் ஆண்டுக் காசில் படையல் மதுவை ஊற்றும் அகப்பை. 17, 18-இல் நிமித்தம் பார்ப்பவரின் வளைகோல். அவர் சீசர் உருவம் பதித்த படைக்கொடிகளை எருசலேமுக்குள் கொண்டுவந்ததையும், கோயில் பணத்தை எடுத்துக் கால்வாய் கட்டியதையும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிறார். அதனால் காசும் அதே திமிரின் தொடர்ச்சி என்று பலர் முடிவு கட்டுகிறார்கள்.

எனக்கு அது பொருந்தவில்லை. கொடிகளுக்கும் கால்வாய்க்கும் கூட்டம் கூடிக் கத்தியதை விவரமாக எழுதிய ஜோசிஃபஸ், காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே கோயில் வரியை எந்தக் காசில் கட்டினார்கள்? தீர் நகரத்து வெள்ளிக்காசில். அதில் ஒரு பக்கம் மெல்கார்ட் என்ற தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. வெள்ளி சுத்தமாக இருந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள். அகப்பையும் வளைகோலும் ரோமானியக் காசுகளில் வெகு சாதாரணமாக வரும் சின்னங்கள். பிலாத்து பழக்கதோஷத்தில், அக்கறையில்லாமல் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அவர் மனித முகம் எதையும் போடவில்லை. டைபீரியஸின் முகத்தை வைக்க அவருக்கு என்ன தடை? உள்ளூர் உணர்வைக் கொஞ்சமாவது எண்ணிப் பார்த்திருக்கிறார். 18-ஆம் ஆண்டோடு காசு நின்றதற்கு ரோமில் டைபீரியஸின் வலக்கையாக இருந்த செஜானஸ் வீழ்ந்ததுதான் காரணம் என்று ஒரு கதையும் உலவுகிறது. அது ஊகம். சில்லறை போதுமான அளவு புழக்கத்தில் இருந்தால் அடிப்பதை நிறுத்துவார்கள். அவருக்கு முன் இருந்த வலேரியஸ் கிராட்டஸும் எல்லா ஆண்டும் அடிக்கவில்லை.

இந்தக் காசுகளை எங்கே அடித்தார்கள் என்பதும் காசில் இல்லை. எருசலேம் என்பது பெரும்பாலோர் கருத்து. எப்படி அடித்தார்கள் என்பது நன்றாகத் தெரியும். சுண்ணக்கல் பலகையில் வரிசையாகக் குழிகள் வெட்டி, குழிக்குக் குழி ஒரு கால்வாய் விட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். சரம்சரமாக வில்லைகள் வரும். அச்சில் வைத்து அடித்த பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். அவசர வேலை. அதனால்தான் பாதிக் காசுகளில் சின்னம் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், பக்கத்தில் வால் போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். எழுத்து இடவலம் மாறி வெட்டிய அச்சுகளும் உண்டு.

‘சீசருக்குரியதைச் சீசருக்கு’ என்று இயேசு சொன்ன இடத்தில் வரும் காசு இதுதானா என்றும் சிலர் கேட்பதுண்டு. இல்லை. அந்த இடத்தில் பேச்சே உருவத்தைப் பற்றியது. பிலாத்து காசில் உருவம் கிடையாது. அது வெள்ளி டெனாரியஸ். டைபீரியஸின் தலையும் மறுபக்கம் அமர்ந்த பெண்ணும் உள்ள லுக்துனும் ரகமாக இருக்கலாம் என்பது நெடுநாள் வழக்கு. அந்த ரகம் அன்றைய யூதேயாவில் அதிகம் புழங்கவில்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ரகம் நமக்கு அந்நியமில்லை. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையலில் பெரும்பங்கு அகஸ்டஸ், டைபீரியஸ் டெனாரியஸ்களே. மிளகுக்கும் பச்சைக்கல்லுக்கும் விலையாகக் கடல் கடந்தது பேரரசரின் வெள்ளியும் தங்கமும். ஆளுநரின் செப்புச் சில்லறைக்குத் தன் மாகாணத்தைத் தாண்டினால் உலோக மதிப்பைத் தவிர வேறு மதிப்பில்லை.

கடைசியாக, அந்தப் படத்திலுள்ள காசு அசலா என்றும் கேட்டிருந்தீர்கள். படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். கையில் எடுத்து, எடை பார்த்து, ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிலாத்து என்ற பெயருக்கு விலை இருப்பதால் போலிகள் ஏராளம். விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக வார்ப்புத் தையல் தெரிந்தால் விலகிவிடுங்கள். சின்னம் ஓரம் போயிருப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். முதலில் அந்த ஆண்டெழுத்தைப் படியுங்கள்: 16, 17, 18 தவிர வேறு எது இருந்தாலும் அது பிலாத்து காலத்துக் காசு அல்ல. 4 அல்லது 11 என்றிருந்தால் கிராட்டஸ் காலத்தது. விற்பவர் அதற்கும் பிலாத்துவின் விலையைத்தான் சொல்வார்.